அச்சாரம் யார் கொடுப்பது?

பதினைந்து கோடி ரூபாய் கையில் கிடைத்தால் நீங்கள் என்ன வாங்குவீர்கள்? அவசரம் இல்லை, சாவகாசமாக யோசித்துச் சொல்லுங்கள். ஒரு பெரிய வீடு என்பார் ஒருவர். பெண்ணின் கல்யாணத்தை ஜாம் ஜாம் என்று நடத்திவிட்டு மிச்சத்தைப் பாங்கியில் போடுவேன் என்பார் இன்னொருவர். திருவண்ணாமலை கிரிவலப் பாதை பதினான்கு கிலோ மீட்டருக்கும் பந்தல் போட்டு அன்னதானம் நடத்துவேன் என்று சொல்லக்கூடிய புண்ணியவான்களும் நமது வாசகர்களில் உண்டு.

2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் ஒரு கனவான் அத்தனை பணத்தையும் கொடுத்து என்ன வாங்கினார் தெரியுமா? ஒரு வீடியோ கேம் கேசட்! 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' என்று பெயர். மீசைக்காரக் குழாய் மேஸ்திரி ஒருவன் ஆமைகளை மிதித்துக்கொண்டும், காளானைத் தின்று பெரியவனாகிக்கொண்டும், ராஜகுமாரியைத் தேடி ஓடுவானே, அதுதான். விலை இருபது லட்சம் டாலர். இதே கேசட்டை அதற்குமுன் வைத்திருந்த நிறுவனம் 2020-ல்தான் அதை 1,40,000 டாலருக்கு வாங்கியிருந்தது. ஒன்றரை வருஷத்துக்குள் பதினான்கு மடங்கு!

சரி, பதினைந்து கோடி கொடுத்தவர் அதை வைத்துக்கொண்டு விளையாடுவாரா என்றால், மூச்! விளையாடவே கூடாது. அது கடையிலிருந்து வந்த உறை பிரிக்காத பெட்டி. உறையில் நகம் பட்டால் போச்சு. கோடிகளில் பாதி போச்சு. சோற்றுப் பானையை விலைக்கு வாங்கி, மூடியைத் திறக்காமல் கும்பிடுகிற கதைதான்.

"அபூர்வமான பொருளாக இருக்கும், ஐயா! உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும்" என்கிறீர்களா? கேளுங்கள். 1985-ல் வெளிவந்த அந்த விளையாட்டு உலகம் முழுவதும் நான்கு கோடி பிரதிகளுக்கு மேல் விற்றது. அதே 2021-ம் வருஷம் ஜூலையில் 'சூப்பர் மரியோ 64' என்ற இன்னொரு கேசட், ஹெரிடேஜ் என்ற ஏலக் கம்பெனியில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அது 1996-ல் வந்தது. ஒரு கோடிக்கு மேல் விற்பனையானது. அபூர்வம் என்றால் வேறு பண்டம் இருக்கிறது. 1990-ல் நின்டெண்டோ கம்பெனி நடத்திய ஒரு போட்டிக்காகத் தங்க நிறத்தில் 26 கேசட்டுகள் மட்டும் செய்தார்கள். அது அபூர்வம்! மரியோவைப் பொறுத்தவரை, விளையாட்டு அபூர்வம் இல்லை. அதை வாங்கிவிட்டுப் பிரிக்காமல் வைத்த பிள்ளைதான் அபூர்வம்.

விலை ஏறிய வேகத்தைப் பாருங்கள். மரியோவின் உறை பிரிக்காத ஒரு பிரதி 2019 பிப்ரவரியில் ஒரு லட்சம் டாலருக்குச் சற்று மேலே விற்றபோதே உலகம் மூக்கில் விரல் வைத்தது. 2020 ஜூலையில் இன்னொரு பிரதி 1,14,000 டாலர். 2021 ஏப்ரலில் வேறொரு பிரதி 6,60,000 டாலர். ஆகஸ்டில் இருபது லட்சம். நமது திருவண்ணாமலையின் மீது ஏறுகிறவர்கள்கூட முலைப்பால் தீர்த்தத்தருகில் கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். இந்த விலை எங்கும் உட்காரவே இல்லை.

இந்த ஏற்றத்துக்குக் காரணங்கள் சில உண்டு. 1985-ல் பத்து வயதாயிருந்த பையனுக்கு இப்போது வயது ஐம்பது. அன்று அப்பா வாங்கித் தராததை இன்று தானே வாங்கிக்கொள்ளப் பணம் இருக்கிறது. கொரோனாவின்போது எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். கையில் செல்போன், மனத்தில் பழைய ஞாபகம். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கேசட்டைப் பரிசோதித்து மார்க் போடுகிற கம்பெனிகள் கிளம்பின. பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக் கொடுப்பார்கள். 9.8 வாங்கிய கேசட்டுக்கு ராஜ மரியாதை. 7 வாங்கியதற்கு வேறு மரியாதை. இப்படி மார்க் போடும் வாட்டா என்ற கம்பெனி, சந்தையைச் செயற்கையாக ஏற்றிவிட்டது என்று 2022-ல் அமெரிக்காவில் வழக்கே தொடர்ந்தார்கள். குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. அந்த விவகாரத்துக்குள் நாம் புக வேண்டாம். விலையைப் பற்றிச் சந்தேகம் கிளம்பியது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 'ஈ.டி.' என்ற பிரபல சினிமாவை வைத்து அடாரி கம்பெனி 1982-ல் ஒரு விளையாட்டு வெளியிட்டது. படு தோல்வி. விற்காத கேசட்டுகளை 1983-ல் நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் அலமகோர்டோ என்ற ஊர்க் குப்பைமேட்டில் லாரி லாரியாகக் கொட்டிப் புதைத்தார்கள். 2014-ல் அதே குப்பைமேட்டைத் தோண்டி, அழுக்கும் நசுங்கலுமாகக் கேசட்டுகளை வெளியே எடுத்தார்கள். அந்த ஊர் நிர்வாகம் அவற்றில் பலவற்றை ஆன்லைனில் ஏலம் விட்டது. வசூல் ஒரு லட்சம் டாலருக்கு மேல்! விளையாட யோக்கியதை இல்லை என்று புதைத்த சரக்கு, புதைத்த கதைக்காகவே விலை போயிற்று. ஆக, விலை என்பது பொருளுக்குள் ஒளிந்திருப்பது இல்லை. வாங்குகிறவன் மனத்தில்தான் அது குடியிருக்கிறது.

*

"எங்கேயோ அமெரிக்காவில் யாரோ பைத்தியக்காரத்தனம் செய்தால் நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தப் பதினைந்து கோடி ரூபாயின் நிழல் திருவண்ணாமலைச் சின்னக்கடைத் தெருப் பக்கம் ஒரு சந்து வரைக்கும் வந்து விழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்தச் சந்தில் என் சித்தப்பாவின் வீடு இருக்கிறது. 1990-களின் கடைசியில் அவர் வீட்டின் முன்னறையில் 'வீடியோ கேம் சென்டர்' நடத்தி வந்தார். சென்டர் என்றால் பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள். இரண்டு பழைய டயனோரா டி.வி., இரண்டு விளையாட்டுப் பெட்டி, ஒரு பெஞ்சு, ஒரு கடிகாரம். மணிக்கு ஐந்து ரூபாய். மரியோ, கான்ட்ரா, டாங்கி, சர்க்கஸ், துப்பாக்கியால் வாத்து சுடுகிற விளையாட்டு எல்லாம் உண்டு. கோடை விடுமுறைக்கு அங்கே போகும் எனக்குக் காசு கிடையாது, உறவுக்கார உரிமை. கேசட் ஓடாமல் அடம் பிடித்தால் அதைப் பிடுங்கி, அடியில் 'ப்பூ' என்று ஊதி, மறுபடி சொருகுவோம். எப்படியோ ஓடும். அந்த 'ப்பூ'வில் என்ன மந்திரம் இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

தெருவில் பெற்றோர்களுக்குச் சித்தப்பாவைக் கண்டால் ஆகாது. "பிள்ளைகளைக் கெடுக்கிறான்" என்று முகத்துக்கு நேரே சொல்லுவார்கள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பிரம்போடு வாசலில் வந்து நின்றுகூட இருக்கிறார். பிறகு வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்தது. அதற்குப் பிறகு செல்போன். பெஞ்சு காலியாயிற்று. சித்தப்பா பெட்டிகளைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, பூஜைச் சாமான் கடை ஒன்றில் கணக்கு எழுதப் போய்விட்டார்.

சென்ற கார்த்திகையில் தீபத்தைப் பற்றி எழுதுவதற்காக ஆபீஸில் என்னை அங்கே அனுப்பினார்கள். சித்தப்பா வீட்டில்தான் தங்கல். உள்ளே நுழைந்தபோதே கூடத்தில் பரண் சாமான்கள் இறங்கியிருந்தன. சிவப்பும் வெள்ளையுமான பழைய பெட்டி, மஞ்சள் கேசட்டுகள், துப்பாக்கி எல்லாவற்றையும் புதுத் துண்டு விரித்து, கொலு மாதிரி அடுக்கி வைத்திருந்தார். அவர் முகத்தில் இருந்த களையை நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை.

"வாடா, வா! இதெல்லாம் என்ன விலை போகுது தெரியுமா உனக்கு?" என்றார்.

"என்ன போகும், சித்தப்பா?"

"ஏழு லட்சம்!"

கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

செல்போனை எடுத்துக் காட்டினார். ஒரு வீடியோவில் யாரோ ஒருவர், "உங்கள் வீட்டில் இந்தப் பழைய விளையாட்டுப் பெட்டி இருக்கிறதா? நீங்கள் லட்சாதிபதி!" என்று பிளந்து கட்டிக்கொண்டிருந்தார். கீழே இருந்த எண்ணுக்குச் சித்தப்பா போட்டோ அனுப்பியிருக்கிறார். மறுநாளே பதில். "தங்கள் பொருள் பரிசீலிக்கப்பட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் ஏழு லட்சத்துக்கு வாங்கச் சம்மதம்." சீல் போட்ட கடிதம் ஒன்றும் வந்திருந்தது. பதிவுக் கட்டணம் 1,999 ரூபாய். அதைச் சித்தப்பா ஏற்கெனவே கட்டிவிட்டார். இப்போது வரிக்காக 18,500 ரூபாய் கட்ட வேண்டுமாம். கட்டியவுடன் ஏழு லட்சமும் அவர் கணக்கில் வந்து விழுமாம்.

சித்தி அடுப்பங்கரை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. கையில் வளையல் இல்லை. மஞ்சள் பையில் போட்டு, அடகுக் கடைக்குப் போகத் தயாராக அலமாரி மேல் வைத்திருந்தார்கள். அவர்கள் பெண் நர்சிங் கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஏழு லட்சம் வந்தால் மிச்சப் படிப்புக்கு யார் கையையும் பார்க்க வேண்டாம்.

"இது மோசடி, சித்தப்பா" என்று சொல்லிவிட ஒரு விநாடி போதும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். அங்கே பண ஆசையைக் காட்டிலும் வேறு ஏதோ ஒன்று தெரிந்தது.

"அன்னைக்கு ஊரே என்னைத் திட்டிச்சு. உருப்படாத தொழில்னு உங்க தாத்தாவே பேசாம இருந்தார். இன்னைக்குப் பாரு, வெளிநாட்டுக்காரன் ஏழு லட்சம் கொடுக்கிறான்னா அதுல ஏதோ இருக்கு இல்லே?" என்றார் மெதுவாக.

வாசகர்களே, இந்த மாதிரி வலைகளில் மாட்டிக்கொள்கிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எல்லோரும் அப்படி இல்லை. தாம் கழித்த காலம் வீண்போகவில்லை என்று யாராவது ஒருவர் வந்து சொல்லமாட்டாரா என்று ஏங்குகிறவர்களும் உண்டு. மோசக்காரனுக்கு அந்த ஏக்கம் போதும்.

*

நான் வாதாடவில்லை. முதலில் ஈபே என்ற ஏலத் தளத்தைத் திறந்து காட்டினேன். 1995-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த தளம். அதில் முதன்முதலில் விற்றது உடைந்துபோன ஒரு லேசர் விளக்கு என்பார்கள். விலை 14 டாலர் 83 சென்ட். உடைந்ததற்கும் ஆள் உண்டு என்ற ரகசியத்தை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தியாவில் அவர்கள் நடத்திய கடையை 2018-ல் மூடிவிட்டார்கள். ஆனால் அமெரிக்கத் தளத்தின் விலைகளை நாம் இங்கிருந்தே பார்க்கலாம்.

சித்தப்பா வைத்திருந்ததைப் போன்ற கேசட்டுகளைத் தேடினேன். ஒருவர் ஐம்பதாயிரம் ரூபாய்க்குச் சமமாக விலை போட்டிருந்தார். இன்னொருவர் இரண்டு லட்சம்.

"பார்த்தியா!" என்றார் சித்தப்பா.

"பொறுங்கள். இது கேட்கிற விலை. கேட்பதற்கு என்ன? இந்தத் துடைப்பத்துக்கு ஒரு கோடி என்று நான்கூடப் போடலாம்; தளக்காரன் தடுக்கமாட்டான்" என்று சொல்லி, விற்றுப்போன பொருள்களை மட்டும் காட்டும்படி ஒரு பொத்தானை அழுத்தினேன். லட்சங்களைக் காணோம், ஐம்பதாயிரத்தையும் காணோம். சில நூறு, சில ஆயிரம் என்று விலைகள் பூமிக்கு இறங்கி வந்து நின்றன.

காரணத்தையும் சொன்னேன். 1983-ல் நின்டெண்டோ கம்பெனி ஜப்பானில் 'பாமிலி கம்ப்யூட்டர்' என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. தைவானிலும் சீனாவிலும் அதைப் பார்த்து அச்சு அசலாக நகல் பெட்டிகள் செய்து தள்ளினார்கள். 1990-களில் நம் கடைவீதிகளுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை அந்த நகல்களே. ஜப்பான் ரகக் கேசட்டின் அடியில் 60 செப்பு முனைகள். அமெரிக்க ரகத்தில் 72. ஆகவே நம் ஊர்க் கேசட் அமெரிக்காவின் பெட்டியில் நுழையவே நுழையாது. பதினைந்து கோடிக்குப் போனது அசல், உறை பிரிக்காதது, மார்க் வாங்கியது. சித்தப்பாவின் கேசட்டிலோ, '9999 விளையாட்டுகள்' என்று மேலே அச்சடித்திருந்தது. உள்ளே சுமார் ஒரு டஜன் விளையாட்டுகளே பெயர் மாற்றி, நிறம் மாற்றி மறுபடி மறுபடி வரும். இது தெருவிலிருந்த எல்லாப் பையன்களுக்கும் தெரிந்த ரகசியம்.

சித்தப்பா கேட்டுக்கொண்டார். ஆனால் முழு நம்பிக்கை வரவில்லை. "உனக்கு எல்லாத்திலேயும் சந்தேகம். பத்திரிகைக்காரன் புத்தி" என்றார்.

அவர் மனத்தைத் திருப்பியது என் செல்போன் இல்லை. எதிர்வீட்டு மாட்டுத் தரகர்.

தீபத் திருவிழாவையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தை பிரசித்தமானது. தரகருக்கு அந்த நாட்களில் தலைக்குமேல் வேலை. இருந்தாலும் சாயங்காலம் வெற்றிலை போட்டுக்கொள்ளத் திண்ணைக்கு வந்துவிடுவார். சந்தையில் அவர் விலை பேசுவதை நீங்கள் பார்க்க வேண்டும். விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். பேச்சு மூச்சு கிடையாது. விரலைப் பிடித்தால் இத்தனை ஆயிரம், அழுத்தினால் இத்தனை நூறு. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கை கொடுக்கிற இருவருக்கும் எதிராளியின் முகம் தெரியும்; மாடு பக்கத்திலேயே நிற்கும்.

தரகரிடம் சித்தப்பா உற்சாகமாக எல்லாவற்றையும் சொன்னார். ஏழு லட்சம், பதிவுக் கட்டணம், வரி, வெளிநாட்டுக்காரர் எல்லாம். தரகர் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி போட்டார்.

"ஏன் சாமி, விக்கிறது நீங்களா, அவனா?"

"நான்தான்."

"வாங்கறது?"

"அவங்க."

"அப்போ அச்சாரம் யாரு குடுக்கணும்? மாடு வாங்க வந்தவன் மாட்டுக்காரன்கிட்டே அச்சாரம் கேட்டா, சந்தையிலே அவனைச் சும்மா விடுவாங்களா?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. தரகர் எழுந்து, வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். நான் அரை மணி நேரம் சொன்னதை அந்த மனிதர் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சித்தப்பா உள்ளே போனார். அலமாரி மேலிருந்த மஞ்சள் பையை எடுத்துச் சித்தியிடம் கொடுத்தார். "போட்டுக்கோ" என்றார். அவ்வளவுதான். வளையல் சத்தம் கேட்டபோது எனக்கும் மூச்சு வந்தது.

*

அன்று இரவே 1930 என்ற எண்ணுக்குப் பேசி, 1,999 ரூபாய் போன விவரத்தைப் பதிவு செய்தோம். ஆன்லைன் பண மோசடிகளைத் தெரிவிப்பதற்கென்று அரசாங்கம் வைத்திருக்கும் எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தச் சந்தர்ப்பம் உண்டு. எங்கள் விஷயத்தில் நாட்கள் கடந்துவிட்டன, பணம் திரும்பவில்லை. ஆனாலும் புகார் கொடுத்தது நல்லது. அந்தக் கணக்கு எண்ணுக்கு அடுத்துப் பணம் அனுப்ப இருந்தவர் யாரோ, எந்த ஊரோ!

இந்த வித்தை கேசட்டோடு நிற்கவில்லை. பழைய ஐந்து ரூபாய் நாணயம், 786 என்று முடியும் நோட்டு, டிராக்டர் படம் போட்ட நோட்டு எல்லாவற்றுக்கும் லட்சம் லட்சமாகத் தருவதாகச் சொல்லுகிறார்கள். சில மோசக்காரர்கள் ரிசர்வ் பாங்கியின் பெயரையும் முத்திரையையுமே எடுத்துக் கையாண்டார்கள். ஆகவே 2021 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தாங்கள் ஈடுபடுவதில்லை. அதற்காக யாரிடமும் கமிஷனோ கட்டணமோ கேட்பதில்லை. கேட்கும்படி யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று தெளிவாகச் சொன்னார்கள். கவனித்தீர்களா? அமெரிக்காவில் மரியோ பதினைந்து கோடிக்குப் போன அதே மாதம்!

"அப்படியானால் ஏலம் என்பதே பித்தலாட்டமா?" என்று கேட்பீர்கள். இல்லை. திருவண்ணாமலையிலிருந்து சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில், விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத் திருவிழாவின் ஒன்பது நாட்களும் வேலில் செருகி வைக்கும் எலுமிச்சம் பழங்களைக் கடைசியில் ஏலம் விடுவார்கள். 2024-ல் ஒன்பது பழங்கள் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போயின. முதல் நாள் பழத்துக்கு மட்டும் 50,500 ரூபாய். கடையில் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் பழம்! பிள்ளை வரம் வேண்டும் தம்பதிகள் அதை வாங்கிப் போகிறார்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் அந்த ஏலத்தில் ஒளிவுமறைவு கிடையாது. ஊர் முழுவதும் கூடி நிற்கிறது. கேட்கிறவரின் முகமும், அவருக்குப் போட்டியாகக் கேட்கிறவரின் முகமும் தெரிகின்றன. தாம் எதற்காகக் கொடுக்கிறோம் என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். அந்தப் பழத்தை நாளைக்கு இரண்டு மடங்கு விலைக்கு விற்கலாம் என்று அவர் வாங்கவில்லை.

ஆன்லைன் ஏலத்திலோ, எதிராளி யாரென்று தெரியாது. விற்பவனே தன் சிநேகிதனை விட்டு விலை கேட்கச் சொல்லலாம். கூடாது என்று தளங்களில் விதி இருக்கிறது. விதி இருக்கிற இடத்தில்தானே விதிவிலக்குகளும் குடியிருக்கின்றன! ஏலம் கேட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போகிறவர்களும் உண்டு. அந்தப் பொய் விலையைப் பார்த்து அடுத்தவர் தம் பொருளுக்கு விலை போடுகிறார். அதைப் பார்த்து இன்னொருவர். இப்படித்தான் காற்றிலே கோபுரம் எழும்புகிறது.

*

சித்தப்பாவின் பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்காமல் விடமாட்டீர்கள். நியாயமான விலையைப் போட்டு, உள்ளதை உள்ளபடி எழுதி ஒரு விளம்பரம் போடும்படி சொன்னேன். "நகல் பெட்டி. இரண்டு கைப்பிடிகளில் ஒன்றில் பொத்தான் சிக்கும். துப்பாக்கி பழைய குழாய் டி.வி.யில் மட்டும் சுடும்" என்று அவரே எழுதினார். கடைசி வாக்கியம் சத்தியமான உண்மை. அந்தத் துப்பாக்கியின் சூட்சுமம் பழைய டி.வி.யின் திரை ஒளிவிடும் விதத்தை நம்பியது. இன்றைய தட்டை டி.வி.யில் ஒரு வாத்துகூட விழாது.

மார்கழிப் பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த ஒருவர் விளம்பரத்தைப் பார்த்துத் தேடி வந்தாராம். பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். வந்தவர் பெஞ்சு கிடந்த மூலையைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். "அண்ணே, நான் ஆறாவது படிக்கும்போது இங்கேதான் வருவேன். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் எங்கப்பா என்னை இங்கேருந்துதான் இழுத்துக்கிட்டுப் போனார்" என்றாராம்.

சித்தப்பா சொன்ன விலை நான்காயிரம். அவர் பேரம் பேசவில்லை. கிரிவலத்தை முடித்துவிட்டுக் காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். அச்சாரம்!

இதைச் சித்தப்பா டெலிபோனில் என்னிடம் மூன்று தடவை சொன்னார். ஏழு லட்சம் என்றபோது அவர் குரலில் இருந்த உற்சாகத்துக்கு இது குறைவில்லை என்று எனக்குத் தோன்றிற்று. நர்சிங் கல்லூரிக் கட்டணத்துக்கு நான்காயிரம் எந்த மூலைக்கு? அதற்கு அவர் பாங்கியில் கல்விக் கடன் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார். வளையல் சித்தியின் கையில் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கும். டி.வி. கேம் இல்லாவிட்டால் பழைய காமிக்ஸ் புத்தகமாவது இருக்கும். சிவகாசியிலிருந்து 1972-ல் கிளம்பிய முத்து காமிக்ஸின் பழைய பிரதிகளுக்குத் தவம் கிடப்பவர்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. கதையைப் படிக்க வேண்டும் என்றால் மறுபதிப்புப் போதும். அந்தப் பழைய காகிதத்தின் வாசனைதான் வேண்டும் என்கிறவர் அதிக விலை கொடுக்கத்தான் செய்வார். கொடுக்கட்டும், அது அவருடைய பிரியம். விற்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள். விற்ற விலையைப் பாருங்கள், அதையும் ஒன்றல்ல, பத்தைப் பாருங்கள். உங்களிடம் இருப்பது அசலா, நகலா, முழுசா, கிழிசலா என்று உங்களுக்கு நீங்களே உண்மை சொல்லிக்கொள்ளுங்கள். வாங்குகிறவராக இருந்தால், நாளைக்கு ஒருவரும் திரும்ப வாங்காவிட்டாலும் இது என் வீட்டில் இருக்கட்டும் என்று தோன்றுகிற அளவுக்கு மட்டும் விலை கொடுங்கள்.

உங்கள் பொருளை வாங்குவதாகச் சொல்லி, உங்களிடமே பணம் கேட்கிறவன் எவ்வளவு பெரிய சீல் வைத்துக் கடிதம் அனுப்பினாலும், டெலிபோனை வைத்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது பரண் ஏறி எதையோ துடைத்துக்கொண்டிருந்தால், கேலி செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எந்த வருஷம் வாங்கினது?" என்று கேளுங்கள். அவர்கள் யாரிடமாவது அதைச் சொல்ல ஆசைப்பட்டுக் கொண்டிருக்கலாம். அந்நிய ஆசாமி ஒருவன் டெலிபோனில் கேட்பதற்கு முன்னால் நீங்கள் கேட்டுவிடுவது நல்லது.